பலகையில் இருந்த ஒற்றைச் சொல்



மோட்டார் கார்ப் பந்தயத்துக்கும் நம் குடும்ப இதழுக்கும் என்ன உறவு என்று உங்களில் சிலர் வியக்கக்கூடும். பந்தயம் நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதையும், அதில் தாமும் கலந்துகொண்டதையும் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பயிற்சி தந்து மெலியவைத்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை எல்லை. பயிற்சி பெறாதவற்றுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை எல்லை. எந்தக் குதிரை எங்கே புறப்பட்டு எங்கே நிற்கவேண்டும் என்பது ஓட்டம் தொடங்குமுன்னரே தெளிவாக்கப்பட்டுவிட்டது என்பதைக் கவனியுங்கள். இத்தெளிவு இல்லாமற்போன ஓரிடத்தில் என்ன நேர்ந்தது என்பதைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஃபார்முலா ஒன் எனப்படும் உலகக் கார்ப் பந்தயத்தில் அணி ஒவ்வொன்றும் இரண்டு கார்களை ஓட்டுகிறது. பரிசுகளும் இரண்டு. ஒன்று, தனி வீரருக்குரிய உலகப் பட்டம். 1950 முதல் வழங்கப்படுவது. மற்றொன்று, காரைக் கட்டிய அணிக்குரிய பட்டம்; 1958 முதல் வழங்கப்படுவது. அணிப் பட்டத்துக்கு இரு வீரர்களும் சேர்ந்து உழைக்கவேண்டும். வீரர் பட்டமோ ஒருவருக்குத்தான். மற்ற அணியினரிடம் தோற்றால், "அவர்களுடைய கார் நல்ல கார்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஒரே காரை ஓட்டும் சக வீரரிடம் தோற்றால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே, தோளோடு தோள் நிற்கவேண்டியவரே முதற்போட்டியாளராகவும் ஆகிவிடுகிறார். இந்த முரணைச் சமாளிக்கவே, யார் முந்துவது, யார் வழிவிடுவது என்று அணித் தலைமை ஆணையிடும் வழக்கம் தோன்றியது.

ஆணைக்குப் பணிவதில் இழிவொன்றும் இல்லை. 1956ஆம் ஆண்டு இத்தாலியின் மோன்ஸா நகரில் நடந்த இறுதிப் பந்தயத்தில், ஃபெராரி அணியின் மூத்த வீரர் ஃபான்ஜியோவின் கார் பழுதடைந்தது. அக்காலத்தில் ஒருவரின் காரை மற்றவர் வாங்கி ஓட்ட விதி இடமளித்தது. அதே அணியின் பீட்டர் காலின்ஸுக்கு அப்போது வயது 24. உலகப் பட்டம் பெறும் வாய்ப்பு அவருக்கும் இருந்தது. ஆயினும் அவர் தம் காரை நிறுத்தி இறங்கி, அதை ஃபான்ஜியோவிடம் கொடுத்தார். ஃபான்ஜியோ தம் நான்காவது உலகப் பட்டத்தைப் பெற்றார். காலின்ஸ் இரண்டாண்டுகளுக்குப் பின், 1958இல், ஜெர்மனியில் நடந்த பந்தயத்தில் விபத்துற்று மாண்டார். பட்டம் அவருக்குக் கிட்டவேயில்லை. ஆனால் பட்டம் பெற்ற பலரை மறந்துவிட்ட உலகம், விட்டுக்கொடுத்த காலின்ஸை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

இனி, தெளிவில்லாத ஆணை எதில் முடிந்தது என்பதைப் பாருங்கள்.

1982ஆம் ஆண்டு ஏப்ரல் 25. இத்தாலியின் இமோலா நகர். ஃபெராரி அணிக்காகக் கனடா நாட்டு ஜில் வில்நெவும் பிரெஞ்சு நாட்டு டிடியே பிரோனியும் ஓட்டினார்கள். இருவரும் நண்பர்கள். எதிரணியான ரெனோவின் இரு கார்களும் பழுதாகி விலகிவிட்டதால், இரண்டு ஃபெராரிகளும் முன்னணியில் தனித்து ஓடின. வெற்றி உறுதியாகிவிட்டது. எரிபொருள் தீர்ந்துவிடக்கூடாது, கார்கள் மோதிக்கொள்ளக்கூடாது என்ற கவலையில், அணியினர் பாதையோரத்தில் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார்கள். அதில் இருந்தது ஒரே ஒரு சொல்: "மெதுவாக."

வில்நெவ் அதற்குக் கொண்ட பொருள், "இருக்கும் வரிசையிலேயே முடியுங்கள்" என்பது. அவர் அப்படிக் கொண்டதற்குக் காரணம் இருந்தது. 1979இல் மோன்ஸாவில் அவரே தம் சக வீரர் ஷெக்டரை முந்தாமல், கடைசிவரை அவர் பின்னாலேயே ஓட்டி, உலகப் பட்டம் ஷெக்டருக்குச் செல்லத் துணை நின்றவர். தாம் அன்று காத்த மரியாதையை இன்று தமக்கும் காட்டுவார்கள் என்று அவர் நம்பினார். பிரோனி கொண்ட பொருள் வேறு. காரைப் பேணி ஓட்டவேண்டும் என்பதுதான் அச்சொல்லின் கருத்து. முந்தக்கூடாது என்று எவரும் தம்மிடம் சொல்லவில்லை என்பது அவர் வாதம். இருவரும் மாறி மாறி முந்தினார்கள். கடைசிச் சுற்றில் முந்திய பிரோனி வென்றார். பரிசு மேடையில் வில்நெவின் முகத்தில் சிரிப்பில்லை. இனி பிரோனியோடு ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று அவர் உறுதி பூண்டார்.

பதின்மூன்று நாட்கள் கழிந்தன. மே 8ஆம் நாள், பெல்ஜியத்தின் ஸோல்டர் நகரில், மறுநாள் பந்தயத்துக்கான தகுதிச் சுற்று. பிரோனியின் நேரம் வில்நெவின் நேரத்தைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது. மீண்டும் பாதையில் இறங்கிய வில்நெவின் கார், மெதுவாகச் சென்றுகொண்டிருந்த மற்றொரு காரின் பின்சக்கரத்தில் மோதிப் பறந்தது. அவர் அன்றே உயிரிழந்தார். வயது 32.

இந்த மனத்தாங்கலே அவ்விபத்தைக் கொண்டுவந்தது என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆயுளின் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். பேசித் தீர்த்துக்கொள்ள அவ்விருவருக்கும் பதின்மூன்று நாட்கள் இருந்தன. பதினான்காவது நாள் இல்லை.

பலகையில் எழுதியவர்கள் கெட்ட நோக்கத்தோடு எழுதினார்களா? இல்லை. பந்தயத்துக்கு முன்பே இருவரையும் உட்காரவைத்து, "நீங்கள் இருவர் மட்டுமே எஞ்சினால் இதுதான் நிபந்தனை" என்று சொல்லியிருந்தால், அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் பிறந்திருக்குமா?

வேறொரு கேடும் உண்டு. ஆணை தெளிவாகவே இருக்கும். ஆனால் அதில் நீதி இராது. 2002ஆம் ஆண்டு மே 12, ஆஸ்திரியாவில் ஃபெராரியின் பாரிசெல்லோ முதலிடத்தில் புறப்பட்டு, முதலிடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார். அதே அணியின் ஷூமாக்கர் அதற்கு முன் நடந்த ஐந்து பந்தயங்களில் நான்கை வென்றிருந்தார். ஆயினும் பாரிசெல்லோவை வழிவிடச் சொல்லிற்று அணித் தலைமை. கோட்டை நெருங்கும் வேளையில் அவர் வேகத்தைக் குறைத்தார். வென்ற ஷூமாக்கருக்குக் கூட்டத்தின் கூச்சலே வாழ்த்தாயிற்று. நாணிய அவர், மேடையின் உயர்ந்த படியில் பாரிசெல்லோவை ஏற்றினார். மேடை ஒழுங்கை மீறியதற்காக விதிக்கப்பட்ட அபராதம் 10 லட்சம் டாலர். அவ்வாண்டு ஜூலையிலேயே, ஆறு பந்தயங்கள் மீதமிருக்கையில், ஷூமாக்கர் பட்டத்தை உறுதிசெய்துவிட்டார். அப்படியானால் அந்த ஆணைக்கு என்ன தேவை இருந்தது? முடிவை மாற்றும் இத்தகைய ஆணைகள் 2003 முதல் தடைசெய்யப்பட்டன. சங்கேத மொழியில் ஆணைகள் தொடரவே, 2011 முதல் அத்தடை நீக்கப்பட்டது. சட்டத்தால் வெளிச்செயலைத் தடுக்கலாம். உள்ளத்தில் நீதியை நடமுடியாது.

மூன்றாவது கேடு எல்லாவற்றிலும் கொடியது. 2008ஆம் ஆண்டு சிங்கப்பூரில், ரெனோ அணியின் இளைய வீரர் பிக்கே வேண்டுமென்றே சுவரில் மோதினார். அதனால் ஏற்பட்ட தடங்கல், அதே அணியின் அலோன்சோ வெல்ல வழிவகுத்தது. மறு ஆண்டு உண்மை வெளிப்பட்டபோது அணி குற்றச்சாட்டை மறுக்கவில்லை. தலைவரும் தலைமைப் பொறியாளரும் விலகினர். அவர்கள்மீது விதிக்கப்பட்ட தடையைப் பிரெஞ்சு நீதிமன்றம் 2010இல் நீக்கியது வேறு செய்தி. இதைப் படிக்கும்போது ஒரு ஹதீஸ் நம் நினைவுக்கு வராமல் போகாது. படைப்பிரிவு ஒன்றின் தலைவர் கோபத்தில் நெருப்பு மூட்டச் சொல்லி, அதில் குதிக்கும்படி தம் வீரர்களுக்கு ஆணையிட்டார். அவர்கள் தயங்கி நின்றார்கள். செய்தி அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், அதில் இறங்கியிருந்தால் அவர்கள் ஒருபோதும் வெளியேறியிருக்கமாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் நன்மையான காரியத்தில் மட்டுமே என்றும் தெளிவுபடுத்தினார்கள். தலைவனின் சொல்லுக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு.

நீதியான ஆணைக்கும் சான்று இல்லாமல் இல்லை. 2024 ஜூலை 21, ஹங்கேரி. மெக்லாரன் அணியின் பியாஸ்திரி முன்னே, நாரிஸ் பின்னே. டயர் மாற்ற அணியினர் நாரிஸை முதலில் அழைத்தார்கள். புதிய டயரின் வேகத்தால் நாரிஸ் முன்னுக்கு வந்துவிட்டார். அவர் பாதையில் போராடிப் பெற்ற இடமன்று அது. அணி தூக்கிக் கொடுத்த இடம். எனவே அதைத் திருப்பித் தருமாறு அணி கேட்டது. நாரிஸ் பல சுற்றுகள் தயங்கினார். ஆனால் சில சுற்றுகளே மீதமிருந்தபோது வழிவிட்டார். பியாஸ்திரிக்கு அதுவே முதல் வெற்றி.

நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தந்தை ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு, அதற்கு அண்ணலாரைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்ட நபியவர்கள், இல்லை என்றதும் சாட்சி நிற்க மறுத்தார்கள். அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதமாக நடக்கப் பணித்தார்கள். தந்தை அன்பளிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தலைவன் கையால் ஏற்பட்ட ஏற்றத்தாழ்வைத் தலைவனே சரிசெய்யவேண்டும் என்பது எத்துணைப் பெரிய பாடம்!

நேயர்களே, நம் இல்லங்களை எண்ணிப் பாருங்கள். ஒரே கடையில் உழைக்கும் இரு சகோதரர்கள். ஒரே அடுப்படியில் நிற்கும் இரு மருமகள்கள். இவர்களும் ஓர் அணியினரே. இவர்களுக்குள்ளும் போட்டி உண்டு. மூத்தவர்கள் என்ன செய்கிறார்கள்? "அனுசரித்துப் போங்கள்" என்று ஒரு பலகையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்தச் சொல் தம்பிக்குச் சொன்னது என்று அண்ணன் எண்ணுகிறார். அண்ணனுக்குச் சொன்னது என்று தம்பி எண்ணுகிறார். கல்லாவில் யார் உட்காருவது, லாபத்தில் யாருக்கு எத்தனை பங்கு, வாப்பா கட்டிய வீடு யாருக்கு என்ற கேள்விகளை எழுப்புவதே மரியாதைக் குறைவு என்று மௌனம் காக்கிறோம். பிறகு ஒருநாள், ஜனாஸாத் தொழுகையின் ஒரே ஸஃப்பில், பத்தாண்டுகளாகப் பேசாத இரு சகோதரர்கள் முகம் திருப்பி நிற்பதைக் காண்கிறோம்.

திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) எதைப் பற்றியது தெரியுமா? தவணைக் கடனை எழுதிக்கொள்வதையும், சாட்சி வைத்துக்கொள்வதையும் பற்றியது. எழுதிக்கொள்வது நம்பிக்கையின்மை ஆகாது. உறவைக் காக்கும் வேலி அது. நிபந்தனையை முன்கூட்டிச் சொல்லுங்கள், இருவரையும் ஒருசேர வைத்துச் சொல்லுங்கள், நீதியாகச் சொல்லுங்கள். மீறியும் பிணக்கு வந்துவிட்டதா? ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகுமானதன்று என்ற நபிமொழியை நினைவுகூருங்கள். முந்திக்கொண்டு ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்றும் அதிலேயே வந்துள்ளது. எல்லாப் பந்தயங்களிலும் முந்தத் துடிக்கும் நாம், இந்தப் பந்தயத்தில் மட்டும் ஏன் பின்தங்குகிறோம்?

அந்த பிரோனி என்னவானார் என்று கேட்பீர்கள். அதே 1982 ஆகஸ்டில் ஜெர்மனியில் விபத்துக்குள்ளாகி, இரு கால்களும் முறிந்து, அந்தப் பந்தய உலகை விட்டே விலகினார். 1987இல் இங்கிலாந்துக் கடலில் விசைப்படகுப் பந்தயமொன்றில் இறந்தார். அவர் மறைந்து சில மாதங்களில் அவருக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. தாய் ஒரு குழந்தைக்கு டிடியே என்றும், மற்றதற்கு ஜில் என்றும் பெயரிட்டார். ஜில் பிரோனி வளர்ந்து மெர்சிடிஸ் அணியில் பொறியாளரானார்; 2020இல் சில்வர்ஸ்டோன் பந்தய மேடையில் தம் அணிக்கான கோப்பையை ஏற்றுக்கொண்டார்.

தந்தையர் காலத்தில் பிரிந்துபோன இரு பெயர்கள் ஒரே தொட்டிலில் சேர்ந்தன. ஆனால் அந்தச் சமாதானத்தைக் காண அவ்விருவரும் உயிரோடில்லை. நம் சமாதானங்களை நாம் உயிரோடிருக்கும்போதே செய்துகொள்வோம். அதற்கு வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.