சமாதானம் பேசலாம், நிலம் எங்கே?

அமைதி இன்றைக்கு நன்றாக விற்கிற சரக்கு. திபெத்திலிருந்து ஒரு மணி, ஜப்பானிலிருந்து ஒரு மணல் தோட்டம், அமெரிக்கப் பூர்வகுடிகள் பெயரில் ஒரு பொன்மொழி. இந்த வரிசையில் நியூசிலாந்தின் மாவோரி மக்களையும் சேர்த்துவிட்டார்கள். சுருண்ட பெரணித் தளிர் படம், கீழே 'மாவோரி ஞானம்', அதற்கும் கீழே மூச்சை இழுத்து விடச் சொல்லி நாலு வரி. மனசு லேசாகும் என்கிறார்கள். ஆகட்டும். வாங்குகிறவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

விற்கிறவர்கள் மேல்தான் கோபம். ஏனென்றால் முக்கியமான ஒரு சமாச்சாரத்தை அவர்கள் உறையிலேயே விட்டுவிடுகிறார்கள். மாவோரிகளின் சமாதானப் போதனைகளில் உலகம் அதிகம் பேசுவது தியானத்தில் பிறந்ததல்ல. நிலத் தகராறில் பிறந்தது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். மாவோரி மரபில் சமாதானத்துக்கு ஒரு தெய்வம் உண்டு. பெயர் ரோங்கோ. அவருக்கு இன்னொரு இலாகாவும் உண்டு: விவசாயம். குமரா எனப்படும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவர் பொறுப்பு. 'ரோங்கோ' என்ற சொல்லுக்குக் காது கொடுத்துக் கேட்பது என்றும் பொருள் உண்டு. நிலத்துக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை ஃபெனுவா. நஞ்சுக்கொடிக்கும் அதே வார்த்தைதான். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியைச் சொந்த மண்ணில் புதைப்பது அவர்கள் வழக்கம். இந்த மொழியில் யோசிக்கிற ஒருவனிடம் மண்ணைப் பிடுங்கிக்கொண்டு, 'அமைதியாக இரு' என்றால் எப்படி இருக்கும்?

அப்படித்தான் சொன்னார்கள். 1840-ல் வைதாங்கி ஒப்பந்தம் போட்டு, 'உங்கள் நிலம் உங்களுக்கே' என்று பிரிட்டிஷ் அரசு வாக்குக் கொடுத்தது. 1863-ல் ஒரு சட்டம். கலகம் செய்தவர்களின் நிலத்தைப் பறிக்கலாம். 1865-ல் வடக்குத் தீவின் மேற்குக் கரையில் உள்ள தாரனாகியில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கரை அரசு தன்னுடையது என்று அறிவித்தது. அதில் கலகமே செய்யாதவர்களின் நிலமும் அடக்கம்.

அந்த மண்ணில்தான் 1860-களின் நடுவில் பரிஹாக்கா என்ற கிராமம் எழுந்தது. தலைவர்கள் இருவர்: தெ விட்டி ஓ ரொங்கோமய், தோஹு காகஹி. நிலம் இழந்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து சேர, அது மாவோரி கிராமங்களிலேயே பெரிய கிராமமாக வளர்ந்தது. ஆயுதம் எடுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். வெள்ளை இறகு அடையாளம்.

சரி, ஆயுதம் எடுக்காமல் என்ன செய்தார்கள்? கண்ணை மூடி உட்கார்ந்தார்களா? இல்லை சார், ஏர் பூட்டினார்கள்!

1879 மே மாதம். பறித்த நிலத்தை வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கு விற்க அரசு அளந்துகொண்டிருந்த நேரம். பரிஹாக்கா ஆட்கள் குடியேறிகளின் புல்வெளிகளில் இறங்கி நீள நீளமாக உழுதார்கள். போலீஸ் வந்து பிடித்தது. எதிர்க்காமல் போனார்கள். மறுநாள் வேறு ஆட்கள் வந்து ஏரைப் பிடித்தார்கள். முதலில் கைதானவர்களில் பெரிய தலைவர்களே இருந்தார்கள். தொண்டனை முன்னே தள்ளிவிட்டு அறிக்கை விடுகிற வேலையெல்லாம் அங்கே கிடையாது.

அடுத்த வருஷம் அரசு அவர்கள் தோட்டங்களுக்கு நடுவே ரோடு போட்டது, வேலியைப் பிரித்தது. இவர்கள் திரும்ப வேலி கட்டினார்கள். மறுபடி பிரித்தார்கள், மறுபடி கட்டினார்கள். வேலி கட்டினால் இரண்டு வருஷம் வரை ஜெயில் என்று அதற்கும் ஒரு சட்டம் வந்தது. உழுதவர்கள், வேலி கட்டியவர்கள் என்று 400 பேர் அளவில் கைதானார்கள். தெற்குத் தீவின் சிறைகளுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானவர்களுக்கு விசாரணையே இல்லை. விசாரணையைத் தள்ளிப்போடவும் தனியாகச் சட்டம் போட்டார்கள்!

1881 நவம்பர் 5. ஜான் பிரைஸ் என்ற மந்திரி குதிரையில் ஏறி, சுமார் 1,600 படையினரோடு கிராமத்துக்கு வந்தார். குன்றின் மேல் பீரங்கி. வழியில் நின்று வரவேற்றவர்கள் யார் தெரியுமா? பாட்டுப் பாடி ஆடிக்கொண்டிருந்த குழந்தைகள். சாப்பிட ரொட்டி தயாராக இருந்தது. ஊர் மன்றத்தில் 2,000 பேருக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கல் கூட விழவில்லை. தெ விட்டியையும் தோஹுவையும் கைது செய்தார்கள். பிறகு வீடுகளை இடித்தார்கள், பயிர்களை அழித்தார்கள், சுமார் 1,600 பேரை விரட்டினார்கள். பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். அரசே பின்னாளில் ஒப்புக்கொண்ட விஷயம் இது.

இரண்டு தலைவர்களையும் கோர்ட்டில் நிறுத்தினால் குற்றத்தை நிரூபிக்க வேண்டுமே? அதனால் 1882-ல் விசாரணையே வேண்டாம் என்று ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள்: மேற்குக் கரை சமாதானப் பாதுகாப்புச் சட்டம்! ஊரை இடித்தவன் பையில் சமாதானம், இடிபட்ட ஊரின் வாயிலும் சமாதானம். ஒரே சொல், இரண்டு பொருள். எந்தச் சமாதானத்தை விற்கிறீர்கள் என்று அட்டை விற்கிறவரிடம் நான் கேட்பது இதனால்தான்.

'அவர்கள் இயல்பாகவே சாதுவான மக்கள்' என்று ஒரு பாராட்டு உண்டு. அதுவும் பொய். துப்பாக்கி கைக்கு வந்ததும் மாவோரிகள் தங்களுக்குள் கடுமையாகப் போரிட்டவர்கள். 1835-ல் தாரனாகியைச் சேர்ந்த இரண்டு மாவோரிக் குழுக்களே சாத்தம் தீவுகளில் போய் இறங்கின. அங்கிருந்த மொரியோரி மக்களுக்கு, நுனுகு என்ற முன்னோர் விதித்த கொல்லாமைச் சட்டம் இருந்தது. ஆபத்து வந்ததும் கூடிப் பேசி, அதை மீறுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள், மிச்சம் பேர் அடிமையானார்கள். அந்த வரலாறு உள்ள தாரனாகியில்தான் முப்பது வருஷம் கழித்துப் பரிஹாக்கா. அகிம்சை அவர்கள் ரத்தத்தில் ஊறியதல்ல. யோசித்து, கஷ்டப்பட்டு எடுத்த முடிவு. ரத்தத்தில் ஊறியது என்று சொன்னால் அந்த முடிவின் பெருமையையும் பறித்தவர்கள் ஆவோம்.

'என்ன பிரயோஜனம், தோற்றுத்தானே போனார்கள்?' என்று கேட்பீர்கள். பி.காம். படித்தவன் என்பதால் நானும் வரவு செலவைத்தான் முதலில் பார்ப்பேன். 1883-ல் ஊர் திரும்பிய தலைவர்கள் இருவரும் 1907-ல் இறந்தார்கள். நிலம் வரவில்லை. 'உங்களுக்கு' என்று ஒதுக்கிய துண்டு நிலங்களைக்கூட, 1892-ல் ஒரு சட்டம் முடிவில்லாமல் புதுப்பிக்கக்கூடிய குத்தகைக்குக் குடியேறிகளிடம் தள்ளியது. 2017 ஜூனில் அரசு பரிஹாக்காவுக்கே வந்து மன்னிப்புக் கேட்டது. ஊர் வளர்ச்சிக்கு 90 லட்சம் டாலர். 2019-ல் சமரசச் சட்டம். தாரனாகி இனக்குழுக்களுக்குத் தனித்தனி ஒப்பந்தங்களும் உண்டு. எல்லாம் சேர்ந்தும் பறித்ததன் மதிப்புக்குப் பக்கத்தில் வராது.

ஆனாலும் ஒரு வரவு இருக்கிறது. 136 வருஷம் கழித்து, யார் குற்றவாளி என்று குற்றவாளியே எழுந்து நின்று சொல்ல வேண்டியதாயிற்று. பரிஹாக்கா பதிலுக்குச் சுட்டிருந்தால் இரண்டு தரப்புச் சண்டை என்று கணக்கை முடித்திருப்பார்கள். முடிக்க விடாததுதான் அந்த ரொட்டியும் குழந்தைகளும். 1881-ல் மோகன்தாஸ் காந்தி 12 வயதுப் பள்ளிக்கூடத்துப் பையன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லண்டன் பார்லிமென்ட்டுக்கு வெடிவைக்கப் போய் 1605-ல் மாட்டிக்கொண்ட கை ஃபாக்ஸ் நினைவாக, நியூசிலாந்தில் இன்றும் நவம்பர் 5 அன்று பட்டாசு வெடிக்கிறார்கள். அன்றைக்குப் பரிஹாக்காவை நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கிராமமோ ஒவ்வொரு மாதமும் 18, 19 தேதிகளில் இன்னமும் கூடிப் பேசுகிறது.

அதனால், அடுத்த முறை யாராவது 'மாவோரி ஞானம்' என்று அட்டையை நீட்டினால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். 'இதில் ஏர் எங்கே சார்?'

ஏர் இல்லாவிட்டால் அது மந்திரியோட சமாதானம்.