முதுகுத்தண்டில் திடீர் ரத்தக்கசிவு: ஆபரேஷன் இல்லாமல் காத்திருக்கலாமா?

கழுத்திலோ முதுகிலோ கத்தியால் குத்தினாற்போல் திடீர் வலி. அடி எதுவும் படவில்லை. சில நிமிடங்களில், அல்லது சில மணி நேரத்தில், கை கால் மரத்துப்போகிறது. சிலருக்குச் சிறுநீரும் அடைத்துக்கொள்கிறது. தண்டுவட உறைக்கு வெளியே ரத்தம் கசிந்து, கட்டியாகி நரம்பை நெருக்கினால் இப்படித்தான் ஆகும். ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் ஒருவருக்கு வரலாம் என்பது பொதுவான கணக்கு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து அதிகம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை.

முதுகெலும்பின் பின்பகுதியைத் திறந்து கட்டியை அகற்றுவதுதான் வழக்கமான சிகிச்சை. அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும். அப்படியிருக்க, ‘ஆபரேஷன் வேண்டாம், பார்க்கலாம்’னு டாக்டர் சொன்னால், கைவிட்டுட்டாங்களோ என்று வீட்டில் பதறத்தான் செய்வார்கள்.

ஆனால், சிலருக்கு அதுவே சரியான முடிவு. பலவீனம் லேசாக இருந்தாலோ, சில மணி நேரத்திலேயே அசைவு திரும்பத் தொடங்கினாலோ கத்தி தேவைப்படாமல் போகலாம். கசிந்த ரத்தம் தண்டுவடத்தின் நீளவாக்கில் பரவுவதாலும், எலும்பு இடைவெளிகள் வழியே கசிந்து வெளியேறுவதாலும் அழுத்தம் குறைகிறது என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். மிச்சத்தை உடலே மெல்லக் கரைத்துக்கொள்ளும்.

இங்கேதான் ஒரு சிக்கல். காத்திருப்பது என்றால் பெட்டில் படுக்கவைத்துவிட்டுப் போவதல்ல. கால் விரல் அசைகிறதா, தொட்டால் தெரிகிறதா என்று யாராவது அடிக்கடி சோதிக்க வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால் அதை நிறுத்தி, வைட்டமின் கே, உறைதல் காரணிகள் கொடுத்து மாற்ற வேண்டும். எம்ஆர்ஐ திரும்ப எடுக்க வேண்டும். பலவீனம் கூடினால் உடனே அறுவை அரங்குக்குப் போக வழி இருக்க வேண்டும். நள்ளிரவில் எம்ஆர்ஐயும் நியூரோசர்ஜனும் கிடைக்காத இடத்தில் ‘பார்க்கலாம்’ என்பது சிகிச்சை இல்லை, சூதாட்டம். அங்கே செய்யவேண்டியது, தாமதிக்காமல் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரு பக்கக் கை காலும் மட்டும் விழுந்தால், பார்க்க அச்சு அசல் பக்கவாதம் மாதிரியே இருக்கும். பக்கவாதம் என்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டால் கசிவு இன்னும் மோசமாகும். எனவே, ‘முதல்ல கழுத்துலதான் சுரீர்னு வலி வந்துச்சு’ என்பதை அவசரப் பிரிவில் மறக்காமல் சொல்ல வேண்டும். சாப்பிடும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.