பின்னலைக் கட்டிவிட்டு வண்டியில் ஏறு

போன கோடை விடுமுறையில் கோவையில் மகன் வீட்டில் இருந்தேன். பேத்திக்குப் பதினான்கு வயசு. கோ-கார்ட் ஓட்டியே ஆகணும் என்று ஒரே பிடிவாதம். தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டுகிற நாலு சக்கரப் பொடி வண்டி அது. 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனின் ஊராயிற்றே, அங்கே பிள்ளைகளுக்கு இந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பணம் கட்டினோம். ஹெல்மெட் கொடுத்தார்கள். "வலது கால் ஆக்சிலேட்டர், இடது கால் பிரேக்." பாடம் அவ்வளவுதான். பேத்தியின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது, யாரும் கண்டுகொள்ளவில்லை. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நான்தான் கத்தி நிறுத்தினேன். மகனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அப்பா, இது பட்டாசு ஆலை இல்லப்பா" என்றான்.

இல்லைதான். ஆனால் அந்த வண்டியின் பின்பக்கத்தை அவன் குனிந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நம் மாட்டு வண்டியில் அச்சு சுற்றாது, சக்கரம் மட்டும் சுற்றும். அதனால் வளைவில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் போகும். காரில் இதே வேலையைச் செய்ய டிஃபரன்ஷியல் இருக்கிறது. கோ-கார்ட்டில் இரண்டுமே கிடையாது. பின் சக்கரம் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் இறுகப் பூட்டியவை. இன்ஜின் அந்த அச்சையே சுற்றுகிறது, அதுவும் ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால். தொங்குகிற முடியோ துப்பட்டாவோ அதில் பட்டால் ராட்டையில் நூல் சுற்றுகிற மாதிரிதான். 2020ல் ஹைதராபாத் பக்கம் ஒரு கல்லூரி மாணவி இப்படி முடி சிக்கி உயிரையே விட்டாள். செய்தி படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஓட்டும் முறையும் அந்த அச்சை வைத்துத்தான். இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் வண்டி லேசில் திரும்பாது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது உள்பக்கப் பின் சக்கரம் துளி தூக்கிக்கொடுத்தால்தான் திரும்பும். ஆகவே அதை ஒரே சீராகத் திருப்ப வேண்டும். இப்படியும் அப்படியும் ஆட்டினால் டயர் தேய்ந்து வேகம் செத்துவிடும். பிரேக்கும் பெரும்பாலும் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். வளைவுக்கு நடுவில் மிதித்தால் வால் சுழன்று வண்டி எதிர்த்திசையைப் பார்த்து நிற்கும். நேர்ச் சாலையிலேயே பிரேக்கை முடித்துக்கொண்டு, காலை எடுத்து, பிறகு திருப்பு. வளைவின் கடைசி தெரிகிறபோதுதான் ஆக்சிலேட்டர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு காலும் ஒரே நேரத்தில் மிதிக்கக் கூடாது. முன்னால் போகிற வண்டியின் டயரைப் பார்க்காமல், தான் போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். தடத்தின் வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு விட்டால் வளைவு அகலமாகிவிடும். சுழன்று நின்றுவிட்டால் இறங்கி ஓடாதே, கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திரு.

வேலிக்கு வெளியே நிற்கிற பெரியவர்கள் செய்வதோ நேர் எதிர். "அழுத்துடா, அழுத்துடா" என்று கத்துகிறார்கள். கையில் செல்போன். வேகத்தைப் பையனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கே குறைப்பது என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

திருத்தங்கலில் டியூஷன் விடுகிற நேரத்தில் தெருவில் நின்று பாருங்கள். மீசை முளைக்காத பையன்கள் பைக்கில் மூன்று பேராகப் போகிறார்கள். வாங்கிக் கொடுத்தது அப்பாவோ, நம்மைப் போன்ற தாத்தாவோ. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பதினெட்டு நிறையாத பிள்ளை வண்டியோடு பிடிபட்டால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை என்று இருக்கிறது. யாருக்கும் பயமில்லை. அந்தக் காசில் நாலு தடவை கோ-கார்ட் தடத்துக்குக் கூட்டிப்போனால் தேவலை என்பேன். அங்கே எதிரே லாரி வராது. தப்பு செய்தால் டயர் அடுக்கில்தான் முட்டுவான். ஆனால் பிள்ளை உட்காருவதற்கு முன் தலைமுடி, துப்பட்டா, சட்டை நுனி மூன்றையும் நாமே பார்த்துவிட வேண்டும். டிக்கெட் கொடுக்கிறவர் பார்ப்பார் என்று இருக்கக் கூடாது.

பேத்தி முதல் சுற்றிலேயே டயரில் முட்டினாள். மூன்றாவது சுற்றில் வளைவுக்கு முன்னாலேயே காலை எடுக்கப் பழகிவிட்டாள். இறங்கி வந்து கொண்டையை அவிழ்த்தபோது இரண்டு ஹேர்பின் குறைந்தது. அவை மருமகளுடையவை, அவள் என்னைத்தான் பார்த்தாள்.