பதினேழை எட்டாக்கும் கணக்கு

புது வண்டிக்குப் பதிவு எண் வந்ததும் நம்மவர் பலர் முதலில் செய்வது, இலக்கங்களை விரல்விட்டுக் கூட்டிப் பார்ப்பதுதான். எட்டு வந்தால் முகம் சுண்டிவிடும். சனியின் எண்ணாம். பழைய வண்டியை விற்கப் போனாலும் வாங்க வருகிறவர் டயரைப் பார்க்கும் முன் நம்பர் பிளேட்டைப் பார்ப்பார். எட்டு என்றால் விலையைக் குறைத்துக் கேட்க அதுவே நல்ல சாக்கு. பதினேழாம் தேதி பிறந்தவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. ஒன்றும் ஏழும் எட்டு.

இந்தக் கூட்டலில் காணாமல் போவது பதினேழுதான். அது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண். 26-ஐக் கூட்டினாலும் எட்டு, 35-ஐக் கூட்டினாலும் எட்டு. ஆனால் 26 இரண்டு பதிமூன்று, 35 ஐயேழு. மூன்றுக்கும் உள்ள உறவு, ஒன்பதால் வகுத்தால் மீதி எட்டு என்பது மட்டுமே. அதுவும் நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் வந்த உறவு. கைக்கு நான்கு விரலோடு பிறந்து எட்டெட்டாக எண்ணப் பழகியிருந்தால், பதினேழை 21 என்று எழுதியிருப்போம். கூட்டு மூன்று. சனி இருந்த இடத்தில் குரு வந்து உட்கார்ந்திருப்பார்!

பதினேழின் உண்மையான குணம் 1796 மார்ச் 29 அன்று ஒரு பதினெட்டு வயது மாணவருக்குப் பிடிபட்டது. விடுமுறைக்கு ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகருக்கு வந்திருந்த கார்ல் ஃபிரெட்ரிக் காஸ், காலையில் படுக்கையை விட்டு எழும் முன்பே அதைக் கண்டுகொண்டார். கோடு குறிக்காத அளவுகோலும் கவராயமும் இருந்தால் போதும், பதினேழு சம பக்கங்களும் சம கோணங்களும் கொண்ட உருவத்தை வரைந்துவிடலாம். முக்கோணமும் ஐங்கோணமும் கிரேக்கர்களுக்குக் கைவந்தவை. ஏழு பக்கம் யாருக்கும் மசியவில்லை. பதினேழு மசியும் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. சூட்சுமம் இதுதான்: பதினேழில் ஒன்றைக் கழித்தால் 16, அது இரண்டை நான்கு முறை பெருக்கி வருவது. அதனால் வர்க்கமூலங்களை மட்டும் அடுத்தடுத்து எடுத்தே விடைக்குப் போய்விடலாம். வர்க்கமூலத்தைக் கவராயம் வரைந்து காட்டிவிடும். ஏழில் ஒன்று போனால் ஆறு. அதற்குள் மூன்று ஒளிந்திருக்கிறது, கவராயம் அங்கே நின்றுவிடுகிறது. மொழி ஆராய்ச்சியா கணிதமா என்று இரு மனதாக இருந்த காஸ், அன்றோடு கணிதத்தின் பக்கம் வந்தார். பிரன்ஸ்விக்கில் உள்ள அவருடைய சிலையின் பீடத்தில் பதினேழு முனை நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. பதினேழு பக்க உருவத்தையே செதுக்கியிருந்தால் சற்றுத் தள்ளி நிற்பவர் அதை வட்டம் என்றே நினைத்திருப்பார்.

காஸுக்கு வெகு காலம் முன்பே சில்வண்டுகள் பதினேழைத் தேர்ந்துவிட்டன. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சில இனங்கள் மரவேரின் சாற்றைக் குடித்தபடி மண்ணுக்குள் பதினேழு ஆண்டுகள் கிடந்து, ஒரே வசந்தத்தில் கோடிக்கணக்கில் மேலே வருகின்றன. வேறு சிலவற்றுக்குப் பதிமூன்று ஆண்டு. அதுவும் பகா எண்தான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருகும் எதிரி ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டால், பதினாறு ஆண்டு வண்டு ஒவ்வொரு முறையும் அதன் வாயில் விழக்கூடும். பதினேழு ஆண்டு வண்டுக்கோ 68 ஆண்டுக்கு ஒருமுறைதான் அந்த ஆபத்து. விஞ்ஞானிகள் சொல்லும் விளக்கங்களில் இது ஒன்று, மறுப்போரும் உண்டு. 2024-இல் பதிமூன்றாண்டுக் கூட்டம் ஒன்றும் பதினேழாண்டுக் கூட்டம் ஒன்றும் ஒரே ஆண்டில் வெளிவந்தன. அதற்கு முன் அந்த இரண்டும் ஒன்றாக வந்தது 1803-இல், இனி 2245-இல். 13-ஐ 17-ஆல் பெருக்கினால் 221.

எண்ணைக் கண்டு மிரளுவது நம்மூர்ச் சொத்து மட்டுமல்ல. இத்தாலியர்களுக்குப் பதினேழே ஆகாது. ரோமானிய முறையில் அதற்கான நான்கு எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டால் ‘விக்ஸி’ என்ற லத்தீன் சொல் வரும். ‘நான் வாழ்ந்து முடித்தேன்’ என்று பொருள், அதாவது, செத்துவிட்டேன். இந்தப் பயத்துக்கு மரியாதை கொடுத்து, ரெனோ நிறுவனம் தன் ‘ரெனோ 17’ காரை இத்தாலியில் மட்டும் ‘ரெனோ 177’ என்று விற்றது. நம்மூர்க் கணக்குப்படி அதன் கூட்டு ஆறு. சுக்கிரன்.