சின்னஞ்சிறு சிவப்புக் கப்பல்

பனிக்கடலில் செல்லும் கப்பல் என்றதும், பனியைப் பிளந்து வழி உண்டாக்கிக்கொண்டு போவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பனியுடைக்கும் கப்பல் வேறு. பனிக்கென வலுவூட்டிய கப்பல் வேறு. முன்னது பனிப்பாளத்தின் மீது ஏறித் தன் பாரத்தால் அதை நொறுக்கும். பின்னதிலோ நீர்மட்டத்தையொட்டிய எஃகுத் தகடுகள் தடித்திருக்கும், உட்புற விலாச்சட்டங்கள் நெருங்கியிருக்கும், அவ்வளவே. மிதக்கும் பனித்துண்டுகளின் உரசலை அது தாங்கும். கெட்டிப் பனியோடு பொருதுவதற்கென்று அமைந்ததன்று.

இவ்வேற்றுமையை உலகம் உணரச் செய்தது 1969-ல் பின்லாந்தில் கட்டி முடிக்கப்பெற்ற ஒரு சிவப்புக் கப்பல். தென் துருவக் கண்டத்துக்கு 1966-லேயே உல்லாசப் பிரயாணிகளை அழைத்துச் சென்ற லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பார் இதற்கென்றே கட்டுவித்தபடியால், 'லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர்' எனப் பெயர் பெற்றது. நீளம் சுமார் 73 மீட்டர். பிரயாணிகள் ஏறக்குறைய நூறு பேர். பெருங்கப்பல்கள் நுழையவொண்ணாத குடாக்களில் நுழைந்து, ரப்பர்ப் படகுகளில் ஜனங்களைக் கரையிறக்கும். கனடாவின் வடக்கேயுள்ள வடமேற்குக் கடல்வழியை 1984-ல் கடந்து புகழும் பெற்றது.

பின்னர்க் கைமாறி, 'எக்ஸ்ப்ளோரர்' என்ற பெயருடன், 2007 நவம்பரில் தென் துருவப் பகுதியில் சென்றுகொண்டிருந்தது. 23-ஆம் தேதி, கிங் ஜார்ஜ் தீவின் அருகே, இருளில் பனிப்பரப்பினுள் புகுந்து மோதியது. கெட்டித்த நிலப் பனியை இளம் பனியென மதித்து, தகாத வேகத்தில் புகுந்ததே காரணம் எனப் பின்னர் நடந்த விசாரணை கூறிற்று. நீர் உட்புகுந்தது, விசைப்பம்புகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. 154 பேரும் படகுகளில் இறங்கினர். அப்படகுகளோ கூரையற்றவை! உறைபனிக் குளிரில் மணிக்கணக்காக மிதந்தார்கள்.

அன்று கடல் அமைதியாயிருந்தது. 'நார்ட்நார்கே' என்ற நார்வேக் கப்பலும் அணுகக்கூடிய தொலைவில் இருந்தது. ஓர் உயிரும் சேதமின்றி அனைவரும் கரைசேர்ந்தனர். புயல் வீசியிருப்பின்? பிரயாணக் கட்டணம் செலுத்துமுன் அறையின் சாளரத்தைப் பற்றிக் கேட்போர் பலர். உயிர்ப்படகைப் பற்றிக் கேட்போர் எத்தனை பேர்?

கப்பல் அன்றே எண்ணெயோடு மூழ்கிக் கடலடியில் கிடக்கிறது. துருவக் கடல்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பு 2017 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. உயிர்ப்படகுகள் முழுதாகவோ பகுதியாகவோ மூடியிருத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.