உதவியை மறைப்போம், திறமையை வெளிப்படுத்துவோம்

படைப்பணியிலிருந்து விடைபெற்று வருவோருக்கு வேலை தேடித் தரும் முகாம்கள் குறித்த செய்திகளை நாளிதழ்களில் அவ்வப்போது காண்கிறோம். ஒரு மேடை, பொன்னாடை, பணி நியமனக் கடிதத்தை நீட்டும் பிரமுகர், அதைப் பெற்றுக்கொள்ளும் முன்னாள் படைவீரர். படத்தின் கீழே பிரமுகரின் பெயர் இருக்கும். வீரரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. படையில் அவர் என்ன பணி செய்தார், இனி என்ன வேலைக்குச் செல்கிறார் என்பதும் இருக்காது.

இத்தகைய உதவியை ஊடகங்களுக்குக் கொண்டு செல்வதே முகஸ்துதி ஆகாதா என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஆயினும் செய்தி வெளிவரத்தான் வேண்டும் என்பது என் கருத்து. எதைச் செய்தியாக்குவது என்பதில்தான் நாம் தவறுகிறோம்.

நம் நாட்டுத் தரைப்படையில் சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பலர் நாற்பது வயதை எட்டும் முன்னரே ஓய்வு பெற்றுவிடுகின்றனர். பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பருவம் அது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் நிலைமை இன்னும் கடினம். நான்கு ஆண்டுகள் முடிந்தபின் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே படையில் தொடர்வர். ஏனையோர் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியுடன், ஓய்வூதியம் ஏதுமின்றி, இளம் வயதிலேயே வெளியேற வேண்டும். 2022 இறுதியில் பயிற்சிக்குச் சென்ற முதல் அணியினருக்கு அந்த நான்கு ஆண்டுகள் 2026 இறுதியில் நிறைவடைகின்றன.

இவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. அத்திறமையை வெளியுலகம் அறியவில்லை என்பதே குறை. சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவர் தகவல் தொடர்புக் கருவிகளைக் கையாண்டவர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர் பாலம் அமைக்கப் பயிற்சி பெற்றவர். வேலை கொடுப்பவரோ 'முன்னாள் படைவீரர்' என்ற சொல்லைக் கண்டதும் வாயிற்காவலரையே நினைக்கிறார். காவல் பணி இழிவானதன்று. உழைத்து ஈட்டும் ஹலாலான வருமானம் அனைத்தும் கண்ணியமானதே. எனினும் பாலம் கட்டத் தெரிந்த கைகளை அடுக்குமாடிக் குடியிருப்பின் கதவைத் திறக்க மட்டும் பயன்படுத்துவது சமூகத்துக்கே இழப்பு. இந்த அறியாமையை நீக்க ஒரு நல்ல செய்தியால் இயலும். அதைப் படிக்கும் தொழிற்கூட உரிமையாளர் ஒருவர், "நம் இயந்திரங்களைப் பராமரிக்க இவரைப் போன்ற ஒருவர் கிடைப்பாரா?" என்று எண்ணத் தொடங்குவார்.

பிற நாட்டு அனுபவம் ஒன்றையும் கவனிக்கலாம். பிரிட்டனில் படையினருக்குத் துணைநிற்கும் நிறுவனங்களுக்கு அரசு மூன்று நிலைகளில் அங்கீகாரம் வழங்குகிறது. ஆதரவளிப்பதாக உறுதி கூறினால் வெண்கலம். செயலில் காட்டினால் வெள்ளி. செய்வதோடு பிற நிறுவனங்களையும் அதற்கு அழைத்தால் தங்கம். தன் புகழைப் பிறரை நன்மைக்கு அழைக்கும் கருவியாக்குபவருக்கே அங்கு உயர்ந்த இடம்.

தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே, மறைவாக ஏழைகளுக்கு அளிப்பது அதனினும் சிறந்தது என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 271-ஆம் வசனம் உணர்த்துகிறது. இவ்விரண்டையும் இங்கு ஒருசேரக் கடைப்பிடிக்க வழியுண்டு. அவருடைய தேவையை மறைப்போம். அவருடைய திறமையை வெளிப்படுத்துவோம்.

ஆகவே, செய்தியாளரை அழைக்கும் முன் அந்த வீரரின் சம்மதத்தைக் கேளுங்கள். கடிதத்துக்காகக் கை நீட்டும் காட்சியைத் தவிர்த்து, அவர் தம் பணியிடத்தில் வேலை செய்யும் படத்தை அனுப்புங்கள். படையில் அவர் கற்ற தொழிலையும், புதிய வேலையில் அது பயன்படும் விதத்தையும் எழுதுங்கள். வேலை தேடும் மற்ற முன்னாள் படைவீரர்களுக்காக, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம் என்ற ஒரு வரியையும் சேருங்கள்.

இறுதியாக, ஓராண்டு கழித்து இன்னொரு செய்தியும் அனுப்புங்கள்: வேலையில் அமர்த்தியவர்களில் எத்தனை பேர் இன்றும் அங்கே இருக்கின்றனர்? இந்த இரண்டாவது செய்திக்கு மேடையும் தேவையில்லை, பொன்னாடையும் தேவையில்லை. நம் நிய்யத் எத்தகையது என்பதை அதுவே சொல்லிவிடும்.