சருகினடியில் வாழும் சிற்றுயிர்

கானகம் என்றவுடன் யானையும் வேங்கையும் நம் நினைவிற்கு வருகின்றன. காலடியிற் கிடக்கும் சருகை எண்ணுவார் அரியர். ஆயினும், அண்மையாண்டுகளில் உயிர்நூலார் கண்ட புதுமைகளுட் சில அச்சருகினடியிலேயே கிடைத்தன.

2009-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்க நாட்டு லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிறிஸ்டபர் ஆஸ்டின் என்னும் அறிஞரும் அவர்தம் மாணவர் ஒருவரும், பாப்புவா நியூகினி நாட்டில் அமாவு என்னும் சிற்றூரையடுத்த காட்டில், இராக்காலத்தே தவளைகளின் குரலை ஆராய்ந்துகொண்டிருந்தனர். பூச்சியின் கீச்சொலி போன்றதொரு குரல் தரையினின்றும் எழுந்தது. குரலுக்குரிய உயிரோ கண்ணிற் படவில்லை. பன்முறை முயன்றும் காணாராய், ஒலி வந்த இடத்துச் சருகை அள்ளிப் பையிலிட்டு, ஒவ்வோர் இலையாகப் பிரித்து நோக்கினர். ஓர் இலையினின்றும் சிறு தவளையொன்று துள்ளிற்று! அவ்வினத்தின் சராசரி நீளம் 7.7 மில்லிமீட்டரே. 2012-ல் பீடோப்ரைனி அமாவென்ஸிஸ் எனப் பெயர் பெற்ற அது, முதுகெலும்புடைய பிராணிகள் யாவற்றினும் சிறியதென அந்நாளிற் போற்றப்பட்டது. பிரேசில் நாட்டுத் தவளையொன்றன் ஆண்கள் சராசரி 7.1 மில்லிமீட்டரே என 2024-ல் வெளிப்பட, அப்பெருமை கைமாறிற்று.

இது தொலைநாட்டுச் செய்தியென நாம் வாளாவிருத்தல் தகாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஐந்தாண்டு தேடிய டில்லிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், 2017-ல் ஏழு புதிய இராத்தவளை இனங்களை வெளியிட்டனர். அவற்றுள் நான்கு, 12.2 முதல் 15.4 மில்லிமீட்டர் அளவின. கட்டைவிரல் நகத்தின்மேல் அமரத்தக்கன. இவை தாம் வாழுமிடத்தில் மலிந்தே காணப்படுகின்றன. சிற்றுருவும் பூச்சியனைய குரலுமே இவற்றை இத்துணைக் காலம் மறைத்துவைத்தன.

பெயரிடுதலால் யாது பயன் என வினவுவாருமுளர். சிற்றுடல் விரைவில் ஈரத்தை இழக்கும் இயல்பிற்று. ஆதலின் இத்தகைய தவளை ஈரநிலத்தை விட்டு நெடுந்தூரம் செல்லவொண்ணாது. மரங்களை வெட்டின் வெயில் நேரே படும், சருகு உலரும், அதனை நம்பிய உயிரும் மாயும். பெயரும் இருப்பிடமும் பதிவாகாத இனத்தைக் காக்கச் சட்டம் முன்வருவது அரிது. அதன் அழிவைக் கணக்கிடுவாருமிலர். பிறப்புப் பதிவேட்டிற் காணாதவனுடைய இறப்பை ஊர்க்கணக்கர் எங்ஙனம் குறிப்பார்?

உயிரினங்களை வகுத்துப் பெயரிடும் கல்வியைப் பழங்கணக்கென இகழ்வார் நம்முள்ளும் உளர். அமாவுக் காட்டில் அவ்விருவர்க்கும் முதலில் வழிகாட்டியது செவி. பின்னர்க் கைகொடுத்தது பொறுமை. இவ்விரண்டும் நம் மாணவர்க்கும் எளியனவே. மழைக்காலத்து இரவொன்றில் அருகிலுள்ள குன்றிற்குச் சென்று, கேட்கும் குரல்களுள் பூச்சியினுடையன எவை, தவளையினுடையன எவை எனப் பிரித்தெழுதும் பயிற்சியை, ஆண்டுதோறும் நம் விலங்கியல் வகுப்பில் அமைத்தல் வேண்டும். பெயர் காணாத குரலொன்று அங்கே நெடுநாளாக ஒலித்துக்கொண்டிருத்தலும் கூடும்.